பார்க்கில் சிக்கிய வண்டி

பிரேக்கை மிதித்தால் கியர் தண்டின் அடியிலிருந்து 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வர வேண்டும். வரவில்லை.

அவள் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தாள். ஊஹும். சாவியை அணைத்து, பத்து வரை எண்ணி, திரும்பப் போட்டு மிதித்துப் பார்த்தாள். முந்தாநாள் மாற்றிய புது பாட்டரி. எஞ்சின் ஒரே திருப்பலில் உறுமி எழுந்தது. கியர் தண்டு மட்டும் 'பி' என்ற எழுத்தில், வண்டியை நிறுத்தி வைக்கும் 'பார்க்' நிலையில், சிமெண்டு வைத்துப் பூசியதுபோல அசையாமல் நின்றது.

எஞ்சினை நிறுத்தினாள். மத்தியானம் மூன்று மணிதான் ஆகியிருந்தது. ஆனால் காலையிலிருந்து விடாத மழையில் ஷெட்டுக்குள் வெளிச்சம் தரை கழுவிய தண்ணீர்போலக் கலங்கிக் கிடந்தது. ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தும் உள்ளே பழைய டீசல் வாசனையோடு வேறொரு வாசனையும் நின்றது: அவள் கணவர் தலைக்குத் தடவும் எண்ணெய். அவர் போய்ப் பத்து வாரம் ஆகிவிட்டது. இருக்கைத் துணியில் ஊறிப் போயிருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த வண்டிக்கு அக்கம்பக்கத்தில் 'மூத்த தாரம்' என்று பெயர். கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கிய ஃபோர் வீல் டிரைவ். இருபத்திரண்டு வருஷ வாழ்க்கையில் அதன் சாவியை அவள் கையில் ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை. கேட்டால் சிரிப்பார். "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? கூட வா, உட்காரு." அவ்வளவுதான். குரலை உயர்த்தவே மாட்டார். சேலை நிறத்திலிருந்து அவள் யார் வீட்டுக்குப் போகலாம் என்பதுவரை எல்லாவற்றையும் அந்தச் சிரிப்பிலேயே முடித்துவிடுவார்.

ஒரு சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது ஷட்டரின் அடியில் சிவப்பு வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. உள்ளே அவர் ஸ்டியரிங் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கியர் 'பி'யில். கால் பிரேக்கின் மேல். மாரடைப்பு என்றார்கள். அந்தக் காலைப் பிரேக்கிலிருந்து எடுக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

போன் அடித்தது. தங்கை.

"கிளம்பிட்டியாக்கா?"

"கியர் பார்க்லயே மாட்டிக்கிச்சு. பாத்துக்கிட்டிருக்கேன்."

"ஐயோ, அதை விட்டுத் தொலைக்கா. சாமானை வேற வண்டில ஏத்திட்டு நீ பஸ்ல வா."

"மாட்டேன். இந்த வண்டியில ஏறி, நானே ஓட்டிட்டுத்தான் இந்த வீட்டை விட்டு வருவேன். ராத்திரி சாப்பாட்டுக்கு உன் வீட்டுல இருப்பேன், பாரு."

"பிடிவாதம் பிடிக்காதக்கா."

"இத்தனை வருஷம் பிடிக்காம இருந்ததுதான் தப்பு."

அவள் லிப்ட் மெக்கானிக். பதினெட்டு வருஷமாக அடுக்குமாடிகளின் இருட்டுக் குழிகளுக்குள் இறங்கி வேலை பார்க்கிறவள். கதவு மூடாமல் லிப்ட் நகராது. பிரேக் மிதிபடாமல் இந்தக் கியர் நகராது. இரண்டும் ஒரே குடும்பம். கம்பெனி வேனில் திருட்டுத்தனமாக ஓட்டக் கற்று, லைசென்ஸை நாலு வருஷமாக டூல்ஸ் பையின் அடியில் ஒளித்து வைத்திருந்தவளுக்கு ஒரு கியர் தண்டு எம்மாத்திரம்?

இருந்தாலும் கார் அவள் துறை இல்லை. தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவர் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது. இறங்கி, அவளைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, வண்டியின் பின்னால் போய் நின்றார். திரும்பி வந்து மறுபடி ஆட்டினார்.

"பிரேக் லைட்டே எரியலை. சுவிட்ச் போயிருக்கும்மா. அது சின்ன வேலை. ஆனா கியர் மேல வெயிட் இருக்கு. சரிவுல ஹேண்ட் பிரேக் போடாம நிறுத்தின வண்டி மாதிரி. மொத்த கனமும் அந்தப் பல்லு மேல உக்காந்திருக்கு."

"தரை சமமாத்தானே இருக்கு?"

"அதான் எனக்கும் புரியலை."

அவள் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில், ஊசி முனை பிசகாமல் நின்றது. இருவரும் குனிந்து அதையே பார்த்தார்கள்.

"பின்னால யாராவது இருக்காங்களாம்மா?" என்றார் மெக்கானிக், நிமிராமலே.

"பெட்டியும் மெத்தையும்தான் இருக்கு. ஏன்?"

"யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி…" அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு வர்றேன்மா. மழை விட்டதும்."

கொட்டுகிற மழையில் விறுவிறுவென்று நடந்து போனார். குடை சுவரிலேயே சாய்ந்திருந்தது.

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. ஷெட் திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. தகரக் கூரையில் மழை தடதடத்தது, அந்தச் சத்தத்துக்கு அடியில் வண்டியின் இரும்பு குளிர்ந்து சுருங்குகிற மெல்லிய முனகல், அதற்கும் அடியில் சீராக, விட்டு விட்டு, ஏதோ ஒன்று. ஸ்பிரிங்காக இருக்கும். இருக்கட்டும். குழியில் நாற்பது அடி ஆழத்தில் எத்தனை சத்தம் கேட்டிருக்கிறாள்! சத்தத்துக்குப் பயந்தால் சோறு ஏது?

சாவியை 'ஆன்' வரை திருப்பிவிட்டு, நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தரையில் மல்லாந்தவாக்கில் தலையை பெடல்களுக்கு அடியில் நுழைத்தாள். கால்கள் கதவுக்கு வெளியே நீண்டிருந்தன. பிரேக் பெடலின் தண்டுக்கு மேலே, விரல் நகம் அளவுக்கு அந்த சுவிட்ச். பெடல் கீழே போனால் அதன் முனை வெளியே துருத்த வேண்டும். துருத்தினால் பின்விளக்கு எரியும், கியர் பூட்டு திறக்கும். முனை உள்ளேயே, கறுத்த பிசினில் ஒட்டிக் கிடந்தது. "நீதானா ராசா அது," என்று முணுமுணுத்தபடி எண்ணெய் ஸ்பிரேயை அடித்துச் சுரண்டினாள். பிசின் உருண்டு உருண்டு அவள் கழுத்தில் விழுந்தது. முனை லேசாக ஆடத் தொடங்கியது. தலையெண்ணெய் வாசனை திடீரென்று அடர்ந்தது.

பெடல் கீழே இறங்கியது.

அவள் தொடவில்லை. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், டார்ச் வெளிச்சத்தில், ரப்பர் பட்டை போட்ட அந்த இரும்புத் தகடு மெதுவாக, நிதானமாக இறங்கி வந்தது. சுவிட்சின் முனை வெளியே வந்தது. தலைக்கு மேலே எங்கோ —

டிக்.

ஷெட்டின் பின்சுவர் சிவந்தது.

மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள். பெடல் மேலே போகவில்லை. மிதித்தபடியே இருந்தது. இருக்கையின் தோல் மெல்லக் கிறீச்சிட்டது, கனமான ஒருவர் இன்னும் வசதியாகச் சாய்ந்து உட்கார்வதுபோல.

ஓடிவிடலாம். கால் ஏற்கெனவே வெளியில்தான் இருக்கிறது. தலையை இழுத்துக்கொண்டு, மழையில் இறங்கி, மெக்கானிக் போன வழியே போய்விடலாம். பஸ் இருக்கிறது. தங்கை ஒன்றும் சொல்லமாட்டாள். அப்புறம்? இந்த வண்டி இங்கேயே நிற்கும். ஷட்டருக்கடியில் சிவப்பு எரியும். அவர் சொன்னதே கடைசியில் நடந்ததாகும்.

நெளிந்து வெளியே வந்தாள். எழுந்தாள். இருக்கை காலியாக இருந்தது. உட்காரும் இடம் மட்டும் ஆழமாகக் குழிந்திருந்தது.

"ஏங்க," என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "கொஞ்சம் நகருங்க."

குழி அப்படியே இருந்தது.

அவள் ஏறி அந்தக் குழிக்குள்ளேயே உட்கார்ந்தாள். முதுகில் குளிர்ச்சி பரவியது, ஈரத் துணியை ஒட்டியதுபோல. பல்லைக் கடித்துக்கொண்டு காலைப் பிரேக்கின் மேல் வைத்தாள்.

ரப்பர் தட்டுப்படவில்லை. உள்ளங்காலுக்கு அடியில் மெத்தென்று ஏதோ. சில்லென்று. அதற்குள் எலும்பு. விரல்கள். ஐந்து விரல்கள்.

கத்தினாள். மழையில் அது யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் காலை எடுக்கவில்லை. எடுக்கமாட்டேன் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று குத்திட்டு நின்றது. இன்னும் அழுத்தினாள். முழு பலத்தோடு.

"வலிக்குதா?" என்றாள், கண்ணீர் வழிய. "வலிக்கட்டும்."

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது. தண்டைப் பற்றி இழுத்தாள். வரவில்லை. பொத்தான் அமுங்க மறுத்தது. அவள் கட்டைவிரலுக்கு அடியில் இன்னொரு கட்டைவிரல். தண்டின் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தது. பூட்டு கெட்டுப் போனால் கையால் திறக்கும் வழி. எந்தப் பூட்டுக்கும் அப்படி ஒரு வழி வைக்காமல் யாரும் செய்வதில்லை என்பது அவளுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த பாடம். ஸ்க்ரூடிரைவரால் மூடியைப் பெயர்த்தாள். அதே ஸ்க்ரூடிரைவரை ஓட்டைக்குள் விட்டாள். அழுத்தினாள். மணிக்கட்டை யாரோ சுற்றிப் பிடித்தார்கள். இறுக்கமாக இல்லை. பழகிய மாதிரி. சாலையைக் கடக்கும்போதெல்லாம் பிடிக்கிற மாதிரி.

"விடு."

இருபத்திரண்டு வருஷத்தில் அவரை அவள் ஒருமையில் பேசியதே இல்லை. அந்த வார்த்தை வாயை விட்டு வந்ததும் ஷெட்டே வாயடைத்துப் போனதுபோல இருந்தது.

"விடுடா!"

டொக்.

வண்டி முழுவதும் துள்ளி, சமதரையில் பின்னோக்கி ஒரு சாண் சரிந்தது. அவள் தண்டை முன்னே ஓட்டும் 'டி'க்கு இழுத்து ஆக்சிலரேட்டரை மிதித்தாள். சக்கரங்கள் சிமெண்டில் கிறீச்சிட்டன. பின்னால் எதுவோ இழுத்தது. இழுத்தது. பிறகு, பிய்ந்ததுபோல, விட்டது.

மழை கண்ணாடியில் பொத்தென்று விழுந்தது. வெளிச்சம். தெரு. வைப்பரைப் போட்டாள். இரண்டாவது திருப்பத்தில் பிரேக்கை மிதித்துப் பார்த்தாள்: வெறும் ரப்பர். நல்ல, கரடுமுரடான ரப்பர். வாய்விட்டுச் சிரித்தாள், அழுதாள், மூக்கை முழங்கையில் துடைத்தாள். ஊரைத் தாண்டிப் பெரிய சாலையில் ஏறி, கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கியதும் எண்ணெய் வாசனைகூடக் காற்றோடு போய்விட்டது. எதிரில் பால் லாரி ஒன்று விளக்கை மினுக்கிவிட்டுப் போனது. அவளும் மினுக்கினாள். ஓட்டுகிறவர்கள் எல்லாம் ஒரு சாதி.

அப்போதுதான் பக்கத்து இருக்கையிலிருந்து அந்தச் சத்தம். சர்ர்ர் என்று, அவசரமே இல்லாமல், நாடா உருவப்படுகிற சத்தம்.

அவள் திரும்பவில்லை. கண்ணைச் சாலையிலேயே வைத்திருந்தாள்.

க்ளிக்.

வண்டியை நிறுத்தவில்லை. ஓரங்கட்டவும் இல்லை. வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

"உட்காரு," என்றாள் கரகரத்த குரலில். "கூட வா. ஆனா ஓட்டுறது நான்."

ஓரக்கண்ணால் பார்த்தாள். ஆளில்லாத இருக்கையின் குறுக்கே சீட் பெல்ட் பூட்டியிருந்தது. அது முதுகுச் சாய்வின் மேல் படியவில்லை. ஒன்றுமில்லாத காற்றில், ஒரு பெரிய மனிதரின் நெஞ்சு அளவுக்கு முன்னால் வளைந்து நின்றது. மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.