வெறுங்காலோடு வந்த இரும்பன்

"யோவ்! கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது? பூட்ஸ் காலோட களத்துல ஏறினு வர்றியே... எறங்குய்யா கீழே!"

பாஞ்சாலை போட்ட சத்தத்தில், சாமை பொறுக்கிக்கொண்டிருந்த குருவிகள் ஜிவ்வென்று பறந்தன. படப்பிடிப்புக்கு வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம்தான் அவளும் பார்த்தாள், யாரைத் திட்டினோம் என்று. ஐயையோ... இரும்பன்!

இரும்பனைத் தெரியாதவர்கள் அந்த மலையில் யார்? ‘ஆகாயத் தோணி’ தொடரில் ஏழு வருடமாக நட்சத்திரம் நட்சத்திரமாகச் சுற்றுகிற இயந்திர மனிதன். பஞ்சாயத்து டிவி வந்த நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் ஜவ்வாது மலையே அவனைப் பார்த்து வாயைப் பிளக்கிறது. எண்பத்தாறாம் வருடப் பொங்கலுக்கான சிறப்புப் பகுதியை இங்கேயே எடுக்கலாம் என்று மார்கழியில் மெட்ராஸிலிருந்து வேன் ஏறி வந்துவிட்டார்கள். தோணி வழி தவறி மலையில் இறங்குகிறது. பசியே அறியாத இரும்பன், பொங்கலைப் பார்த்து அது என்ன ருசி என்று கேட்கிறான். அதுதான் கதை. அதற்கு பாஞ்சாலையின் அப்பா தீர்த்தகிரியின் களம் தேவைப்பட்டது. ஆனால் தானியம் கிடக்கிற களத்தில் மலைக்காரர்கள் செருப்போடு ஏற மாட்டார்கள் என்று வந்தவர்களுக்கு யார் சொன்னது?

தகர முகமூடிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "தப்புதாங்க. இந்த மூடியில காலாண்ட ஒண்ணும் தெரியல. இதோ கழட்டிர்றேன்."

அட... நம்ம பக்கத்துப் பேச்சு! "ஒடுகத்தூராங்க?" என்றாள், சட்டென்று இறங்கிப்போன குரலில்.

டைரக்டர் குதித்தார். "ராஜவேலு, இரும்பனுக்கு மனுஷக் கால் இருந்தா ஜனங்க சிரிப்பாங்கய்யா!"

"சோத்து மேல பூட்ஸ் வைக்க மாட்டேன் சார். வேணும்னா காலுக்கு சாயம் அடிங்க."

அடித்தார்கள். வெள்ளிச் சாயம் பூசிய பத்து விரல்களும் சாமை மேல் அவ்வளவு பதமாக நடந்தன. திட்டின வாய் தானாக மூடிக்கொண்டது பாஞ்சாலைக்கு.

அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மலை மழை... சத்தமில்லாமல் வந்து, எதிரே இருந்த குன்றுகளை ஒவ்வொன்றாக மறைத்தது. தீர்த்தகிரி சாமையைப் பாய் போட்டு மூட, மற்றவர்கள் வேனுக்கு ஓடினார்கள். இரும்பனால் ஓட முடியவில்லை. பாதி அட்டை, பாதி தகரம், நனைந்தால் உரிந்துவிடும். பாஞ்சாலை கோணிப்பையை மடித்து அவன் தலையில் கவிழ்த்து, பலா மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கேதான் பார்த்தாள். முகமூடியில் இரண்டு ஓட்டை. ஓட்டைக்குள் இரண்டு கண்கள். அடியம்மா... அந்தக் கண்கள் சிரித்தன!

"இத்த கழட்டி மூஞ்சியக் காட்டினா இன்னா?"

"பின்னாடி பதினாறு ஸ்க்ரூ. காலையில காவலூர் ரூம்ல மாட்டினா ராத்திரிதாங்க கழட்டுவாங்க."

"அப்ப டிவியில பேசற குரலாச்சும்..."

"அதுவும் என்னுது இல்ல, வேறொருத்தர் பேசறாரு. போன மாசம் பஸ்ல ஒரு அம்மா, இரும்பன் படம் போட்ட பைய மடியில வெச்சினு எம் பக்கத்துலதான் வந்தாங்க. கொஞ்சம் தள்ளி உக்காருப்பான்னாங்க."

அவள் கலகலவென்று சிரித்துவிட்டாள். கண்கள் சிரிக்கவில்லை. சுருக்கென்றது அவளுக்கு.

மூன்று நாள். மூன்று நாளும் வெறுங்கால்... மூன்று நாளும் மழை... அதே பலா மரம். கடைசி நாள் அவன் கேட்டுவிட்டான்.

"எனக்கு ஒங்களப் புடிச்சிருக்குதுங்க. ஒங்களுக்கு?"

நெஞ்சு ‘ஆமாம் ஆமாம்’ என்று அடித்துக்கொண்டது. பாழாய்ப்போன வாய் விட்டதா? "மூஞ்சியே பாக்காம இன்னான்னு சொல்றது?"

கண்கள் தாழ்ந்தன.

"சரிங்க. பொங்கலன்னிக்கு யாரோ ஒருத்தனா வந்து நிப்பேன். நீங்களா என்னக் கண்டுபுடிச்சா, ஒங்க அப்பாகிட்ட பேசறேன். இல்லன்னா... போய்ட்டே இருப்பேன். தெரியாத ஆளா இருந்து பழகினவன்தான நானு."

வேன் போய்விட்டது. அந்த ஒரு மாதமும் பாஞ்சாலை தன் வாயைத் திட்டாத நாளில்லை.

பொங்கல் வந்தது. காவலூர், ஒடுகத்தூரிலிருந்தெல்லாம் ஜனம் திரண்டதால் டிவியைத் தீர்த்தகிரியின் களத்துக்கே தூக்கி வந்துவிட்டார்கள். அறுப்பு முடிந்து களம் காலி. செருப்போடு ஏறினாலும் இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

மாலை நாலு மணிக்குப் படம் தொடங்கியது. பாஞ்சாலை திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணைப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும் என்று நம்பியிருந்தாள். வெளியூர் ஆட்கள் நாற்பது பேர்... நாற்பது பேரின் கண்ணும் டிவி மேல். எந்தக் கண்ணென்று தேடுவாள்? திரையிலிருந்து யாருடைய குரலோ இடி மாதிரி முழங்கியது. "டேய், இரும்பன் காலப் பார்றா!" என்று கூட்டம் சிரித்தது. வந்து நின்று பார்த்துவிட்டுப் போயே போய்விட்டானோ?

அப்போதுதான் தாமதமாக வந்த ஒடுகத்தூர் பஸ்ஸிலிருந்து ஒரு கும்பல் வேக வேகமாக ஏறி வந்தது. எல்லோரும் செருப்பும் காலுமாகக் களத்துக்குள் நுழைந்தார்கள்.

ஒருத்தன் மட்டும் நுழையவில்லை. ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து, குனிந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

முன்நெற்றி ஏறிய, கறுத்த, சாதாரண முகம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் யாரும் திரும்பிப் பார்க்காத முகம். பாஞ்சாலை எழுந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தக் கல்லுக்கு நேரே போனாள்.

"யோவ்! களத்துலதான் ஒரு மணி சாமை இல்லியே... எதுக்கு பூட்ஸ கழட்டற?"

அவன் நிமிர்ந்தான். அதே கண்கள்!

"சாமை இல்லன்னா இன்னாங்க... திட்டினவங்க இருக்காங்களே."

கூட்டம் டிவியை விட்டுத் திரும்பியது. "யாரும்மா அது?" என்று கேட்டுக்கொண்டே தீர்த்தகிரி எழுந்து வந்தார். வந்தவனின் முகத்தைப் பார்த்தார். பூட்ஸ் கழன்ற காலின் கட்டைவிரல் நகத்தில் இன்னும் ஒட்டியிருந்த வெள்ளிச் சாயத்தைப் பார்த்தார்.

"இரும்பன்பா. ராஜவேலுன்னு பேரு. ஒன்கிட்ட பேச வந்துக்கிறாரு." பாஞ்சாலை கண்ணைத் துடைத்துக்கொண்டு, ராஜவேலுவைப் பார்த்தே மீதியைச் சொன்னாள். "அன்னிக்குப் பொய் சொல்ட்டேன்... மூஞ்சியப் பாக்கறதுக்கு முன்னாடியே எனக்குப் புடிச்சிப்போச்சி."