அப்பாவின் மோட்டார்

"பீ... பீ... பீ...!"

காவியா பென்சிலைப் போட்டுவிட்டு ஓடினாள். காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்த அப்பா மாதேஷின் இடுப்புப் பையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

ரத்தத்தைத் தள்ளிவிட அவருடைய இதயத்தோடு ஒரு குட்டிப் பம்பைப் பொருத்தியிருந்தார்கள். அது இடுப்புப் பையிலிருந்த இரண்டு பேட்டரிகளில் ஓடியது. வீட்டில் அதற்குப் பெயர் 'மோட்டார்'.

"அப்பா! பேட்டரி தீரப்போகுது!"

"தல சுத்துது பாப்பா..." பையை நோக்கி நீண்ட அவர் கை தொப்பென்று விழுந்தது.

அம்மா மாத்திரை வாங்கப் பென்னாகரம் போயிருந்தாள். வர ஒரு மணி நேரமாகும். அதுவரை பேட்டரி தாங்காது.

"பெரியம்மா! அப்பா மோட்டாரு நிக்கப்போகுது! ஓடியாங்க!" என்று பக்கத்து வீட்டு ராமக்காளைக் கூப்பிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் ராமக்காள் வந்தார். மூச்சு வாங்கியது. "காட்டுக் கெணத்துக்கே போய்ப் பாத்துட்டு வரேன் கண்ணு. உங்கப்பா மோட்டாரு தண்ணிய நல்லாத்தானே ஊத்துது!"

"ஐயோ, அது இல்லீங்க! நெஞ்சுல இருக்கற மோட்டாரு!"

ராமக்காள் மாதேஷின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் வெளிறியது. "நாடியே இல்லையே! நெஞ்ச அமுக்கட்டுமா?"

"வேண்டாங்க! இது விட்டு விட்டு அடிக்காது, நிக்காம ஓடும். அதனால நாடி கைக்குத் தெரியாது. அலமாரி மேல, எனக்கு எட்டாத சார்ஜர்ல இருக்கற ரெண்டு பேட்டரியக் கொண்டாங்க!"

கொண்டுவந்த ராமக்காள், பழைய இரண்டையும் ஒரே மூச்சில் பிடுங்கப் போனார்.

"ஒண்ணு ஒண்ணாத்தான் பெரியம்மா! ரெண்டையும் எடுத்தா மோட்டாரு நின்னுரும்!"

காவியா பெரியம்மாவின் கையை விலக்கினாள். ஒன்றைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். 'க்ளிக்.' பிறகு அடுத்தது. 'க்ளிக்.'

அலாரம் அடங்கியது. பச்சை விளக்கு வந்தது. அப்பாவின் நெஞ்சில் காதை வைத்தாள். 'ம்ம்ம்ம்' என்ற சத்தம் சீராகக் கேட்டது. அப்பா மெதுவாக அவள் தலையைத் தடவினார்.

உடனே ஆஸ்பத்திரி நர்ஸ் ஜாஸ்மினுக்குப் போன் போட்டாள்.

"நல்லா செஞ்ச காவியா! ஆனா காய்ச்சலோட வூட்ல வெச்சிருக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் அனுப்பறேன்" என்றார் ஜாஸ்மின். "ஆமா, பேட்டரி மாத்தறத உங்கம்மாவுக்குத்தானே சொல்லிக் குடுத்து, புக்கும் குடுத்தேன்? உனக்கு எப்படித் தெரியும்?"

காவியா குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மாவுக்குப் படிக்க வராதுங்க சிஸ்டர். தெனமும் ஸ்கூல் விட்டு வந்ததும் நான்தான் அந்தப் புக்க அவங்களுக்குப் படிச்சுக் காட்டறேன்."