பச்சை இல்லாத பூ

தங்கை வாசலுக்கு வரவில்லை. வண்டிச் சத்தம் கேட்டதுமே, "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று வம்புக்கு நிற்பவள் அவள். நாற்றுப்பண்ணைக்கார அண்ணன் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். போன மழைக்காலத்தில் அவள் புருஷனை அங்கேதான் புதைத்தார்கள்.

தூறிக்கொண்டிருந்தது. மண்மேட்டருகே வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். தலை தொங்கிக் கிடந்தது. காயாத துணியின் வாடை அடித்தது.

"காளான் முளைச்சிருக்கு, பாருண்ணா," என்றாள் நிமிராமலே.

மேடு முழுக்க வெள்ளை வெள்ளையாக நின்றவை காளான் இல்லை. பூ. இலை கிடையாது, பச்சை பொட்டுக்கூடக் கிடையாது. ஒவ்வொன்றும் தரையைப் பார்த்துத் தொங்கியது. செடிகொடியோடே காலம் தள்ளியவருக்குத் தெரியாதா? தனக்கென்று சமைக்கத் துப்பில்லாத ஜென்மம் அது. பூஞ்சை நூல் வழியே உயிருள்ள மரத்தின் வேரை உறிஞ்சித்தான் பிழைக்கும். மரம் செத்தால் அதுவும் செத்துவிடும்.

சுற்றுவட்டாரத்தில் ஒரு மரம் இல்லை.

அவருக்குக் கூடப் பிறந்தது இவள் ஒருத்திதான்.

"எழுந்திரும்மா. நம்ம வீட்டுக்குப் போகலாம்."

"அவரு தனியா இருப்பாருண்ணா."

"செத்தவருக்கு என்ன துணை வேண்டிக்கிடக்கு?"

கையைப் பிடித்து இழுத்தார். அவள் அசையவில்லை. குனிந்து பார்த்தார்.

குதிகாலிலிருந்து வெள்ளை நூல்கள் மண்ணுக்குள் இறங்கியிருந்தன.

மடக்குக் கத்தியால் அவற்றை அறுத்தார். கண்ணெதிரிலேயே பூக்கள் கருத்தன. மண்ணுக்குள் யாரோ முனகினார்கள். ஆண் குரல்.

அவளை அள்ளிக்கொண்டு ஓடினார். வண்டியில் போட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் விரட்டினார். மழை வலுத்தது.

பெரிய சாலைக்கு வந்த பிறகுதான் போன உயிர் திரும்பியது. பக்கத்தில் அவள் மெல்லத் தலையைத் தூக்கினாள். கழுத்து நேராக நின்றது. அப்பாடா, பிழைத்துக்கொண்டாள் என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குண்ணா. அவரும் வந்துட்டாரு."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்தப் பூ பிறந்ததிலிருந்து குனிந்தேதான் நிற்கும். நிமிர்வது ஒரே ஒரு தடவை.

விதை முற்றி, தூவத் தயாராகும்போது.

கண்ணாடியை இறக்கக் கை துழாவுவதற்குள் அவள் இருமிவிட்டாள். வண்டிக்குள் வெள்ளைத் தூள் பறந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

மனுஷன் எவ்வளவு நேரம்தான் அடக்க முடியும்?