கரி மூட்டையா, அன்னக்கொடி அத்தையா?

"கரி மூட்டை போகலாமாம், அத்தை போகக் கூடாதாம்! இது என்னம்மா நியாயம்?"

"கத்தாதடி! தெருவே கேக்குது!"

தெரு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. செண்பகனூரில் பன் கடைப் பொன்னுவேல் வீட்டில் சண்டை என்றால் நாங்கள் அரிசி களைவதைக்கூட நிறுத்திவிடுவோம். களைகிற சத்தத்தில் ஒரு வார்த்தை தவறிப்போனால், அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது?

முதலில் கத்தியவள் கண்மணி. பொன்னுவேலின் மகள், பதினோரு வயது. பதிலுக்குக் கத்தியவர் அவளுடைய அம்மா சண்முகசுந்தரி.

விஷயம் இதுதான். கண்மணியின் மாமா நாச்சிமுத்து பாம்பன் ரயில் நிலையத்தில் வேலை பார்க்கிறார். பாம்பன் இருப்பது ஒரு தீவில். சுற்றிலும் கடல். 'காலாண்டுப் பரீட்சை லீவுக்கு எல்லாரும் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போங்கள்' என்று அவர் கார்டு போட்டிருந்தார். கவரில் போடாமல் கார்டில் எழுதியதால், தபால்காரர் தொடங்கி நாங்கள் அனைவரும் படித்துவிட்டோம். 'எல்லாரும்' என்ற வார்த்தைக்குக் கீழே ஒரு கோடுகூடப் போட்டிருந்தார்.

அன்றிலிருந்து சண்முகசுந்தரி பெட்டி கட்டினார்.

எங்கள் ஊர் குளிர்மலைமேல் இருக்கிறது, துவைத்த துணி காய நான்கு நாள் ஆகும். மழை பிடித்துக்கொண்டால் ஒரு வாரம். அதனால் கரிச்சட்டியில் தணலைப் போட்டு, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் ஈரத்துணியைப் பரப்பி உலர்த்துவோம். சண்முகசுந்தரிக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். ஆளுக்கு ஐந்து செட் துணி ஒரு பெட்டியில் போனது. எட்டு ஸ்வெட்டர், நான்கு மப்ளர், கம்பளிக் காலுறைகள், குரங்குக் குல்லாக்கள் எல்லாம் இரண்டாவது பெட்டியில் போயின. துணி உலர்த்தக் கரிச்சட்டி, கூடை, ஒரு மூட்டைக் கரி!

பொன்னுவேல் ஒரே ஒரு தடவை மலையை விட்டு இறங்கியிருக்கிறார். மார்கழி மாதம், பழனியில் ஒரு கல்யாணத்துக்கு. "அங்கயும் விடியக்காலையில குளிரத்தான் செஞ்சது" என்று அவரும் தலையாட்டினார்.

பயணத்துக்கு முந்தைய நாள் ஜீப் டிரைவர் ஆண்டிச்சாமி வந்து பார்த்தார். பேரிக்காய் ஏற்றிக்கொண்டு கொடைரோடு ஸ்டேஷனுக்குப் போகிறவர். அப்படியே இவர்களையும் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார். பெட்டிகளைப் பார்த்ததும் அவருக்கு வாய் பிளந்துவிட்டது.

"அண்ணே, இது லீவுக்குப் போறதா, ஊரவிட்டே போறதா?"

"சொல்லவேண்டியதச் சொல்லு ஆண்டிச்சாமி" என்றார் சண்முகசுந்தரி.

"முன்னாடி அண்ணனும் சின்னவன் மணியனும் உக்காரலாம். பின்னாடி பேரிக்காய்க் கூடை போக மிச்ச இடத்துல ஒரு பெட்டியும் மூணு ஆளும் போகலாம். இல்லன்னா இத்தனை சாமானும் ரெண்டு ஆளும் போகலாம். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

"சாமான் வேணும்" என்றார் சண்முகசுந்தரி. யோசிக்கவே இல்லை.

அப்படியென்றால் ஒரு ஆள் குறைய வேண்டும். யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் அன்னக்கொடியைப் பார்த்தார்கள்.

அன்னக்கொடி பொன்னுவேலின் தங்கை. முப்பது வயது. மாவு பிசைவதும் பன் அடுக்குவதும் அவள்தான். மலையில் அவள் இறங்கியது பாதி வழியில் இருக்கும் பண்ணைக்காடு வரைதான், அதுவும் பெரியம்மை ஊசி போட.

"பரவாயில்ல மதினி. நான் வீட்டப் பாத்துக்கிறேன்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எங்களுக்குப் பழக்கம். திருவிழாவுக்கு மற்றவர்கள் கிளம்பும்போது அதே சிரிப்பு. சினிமாவுக்குக் கிளம்பும்போதும் அதேதான்.

ஆனால் அவள் உள்ளே போய் என்ன செய்தாள் என்பதைக் கண்மணி பார்த்துவிட்டாள். கடலுக்குப் போக என்று ஒரு மாதமாகத் தைத்த வெள்ளை 'வாயில்' துணி ரவிக்கையை அன்னக்கொடி எடுத்தாள். மெல்லியதாக, காற்று வரும் துணி. அதை ஒருமுறை விரித்துப் பார்த்தாள். பிறகு நான்காக மடித்து, பழைய போர்வைகளுக்கு அடியில் தள்ளினாள்.

அதன்பிறகுதான் சண்டை.

கண்மணி கரி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "அத்தை வரலன்னா நானும் வரல."

"சரி, வராத. உன் இடத்துல இன்னொரு கம்பளிய வச்சுக்கிறேன்."

கண்மணிக்குக் கோபத்தில் காது சிவந்தது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் கருவாட்டுக்காரி சின்னத்தாயி கூடையோடு போனார். அவர் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக்காரர். கண்மணி ஓடிப்போய் வழிமறித்தாள்.

"உங்க ஊர்ல துவைச்ச துணி காய எத்தன நாளாகும்?"

"நாளா?" சின்னத்தாயி கூடையை இறக்கிவிட்டுச் சிரித்தார். "கடைசிச் சேலையக் கொடியில போடுறதுக்குள்ள மொதச் சேலை காஞ்சிரும் தாயி. பறந்து போகாமப் பிடிக்கிறதுதான் எங்க சோலி."

கண்மணி திரும்பினாள். "கேட்டியாம்மா?"

"அவ கருவாடு காயவச்சுப் பழகுனவ. ஸ்வெட்டரப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்? கடல் காத்து எலும்புக்குள்ள இறங்கும்!"

இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று கண்மணிக்குப் புரிந்தது. வாளியில் ஊறிக்கொண்டிருந்த தன் பாவாடையைப் பிழிந்து எடுத்தாள். நேராகக் கடையின் அடுப்பறைக்கு நடந்தாள்.

அந்த வீட்டில் அடுப்பறைக்குள் துணி போகவே கூடாது. ஒருமுறை மணியனின் கால்சட்டையை அங்கே காயப்போட்டு, அன்றைய பன் முழுக்கச் சோப்பு மணத்தது. நாங்கள் காசு கொடுத்துச் சாப்பிட்டவர்கள், சொல்கிறோம்.

"ஏய்! துணியோட உள்ள வராத!" என்று பொன்னுவேல் அலறினார்.

"வருவேன்!"

வந்தாள். பன் எடுக்கும் நீளக் கட்டையைச் சாய்த்து வைத்து, அதன்மேல் பாவாடையை விரித்தாள். பிறகு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அப்பா, நீங்க வெளிய போறப்ப என்ன போடுவீங்க?"

"ரெண்டு ஸ்வெட்டர், மப்ளர், குல்லா. ஏன்?"

"இப்ப என்ன போட்டிருக்கீங்க?"

பொன்னுவேல் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். இடுப்பில் ஒரு துண்டு. அவ்வளவுதான்.

"இந்த வெக்கையில வேற என்னத்தப் போடுறது?"

"மாமா ஊரும் வெக்கைதான். அங்க மட்டும் எதுக்கு எட்டு ஸ்வெட்டர்?"

பொன்னுவேல் வாசல் பக்கம் திரும்பி மனைவியைத் தேடினார்.

பின்னாலேயே சண்முகசுந்தரி வந்துவிட்டார். "அடுப்பும் கடலும் ஒண்ணாடி?"

"அப்ப நீ பெட்டியில வச்சதையெல்லாம் போட்டுக்கிட்டு இங்க உக்காரும்மா. இந்தப் பாவாடை காயிற வரைக்கும். உனக்கு வேர்க்கலன்னா எல்லாச் சாமானும் போகட்டும். கரி மூட்டைய நானே சுமக்கிறேன். வேர்த்தா அத்தை வரணும்."

"உக்காருறேன்டி! எனக்கென்ன பயமா?"

அன்றைக்கு எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பன் தேவைப்பட்டது. கடை வாசலில் நிற்க இடமில்லை.

சண்முகசுந்தரி இரண்டு ஸ்வெட்டர், மப்ளர், காலுறை, குரங்குக் குல்லா சகிதம் முக்காலியில் அமர்ந்தார். சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். முகம் மெல்லச் சிவந்தது. பாவாடையிலிருந்து ஆவி எழுந்தது.

"வேர்க்குதா சுந்தரி?" என்று பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் அக்கறையாகக் கேட்டார்.

"இல்ல."

மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"அது என்ன?"

"சளி."

கொஞ்ச நேரத்தில் சளி நெற்றியிலிருந்தும் வழிந்தது. கழுத்திலிருந்தும் வழிந்தது. மணியன் கைதட்டி, "அம்மாவுக்கு மண்டையெல்லாம் சளி!" என்று கத்தினான்.

"ஏலே, வெளிய போடா!"

கண்மணி பாவாடையை எடுத்துத் தடவிப் பார்த்தாள். நாடாவின் முடிச்சுகூட உலர்ந்திருந்தது. அதை அம்மாவின் மடியில் வைத்தாள்.

சண்முகசுந்தரி குல்லாவைப் பிடுங்கி எறிந்தார். "விறகு அதிகமா வச்சிட்டாரு உங்கப்பா. அதான்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். தோற்றேன் என்று அவர் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரையும் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது பெட்டி கட்டிலுக்கு அடியில் திரும்பப் போன சத்தம் எங்களுக்குக் கேட்டது.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். அப்போது பொன்னுவேல் தொண்டையைச் செருமினார்.

"அது சரி. எல்லாரும் போயிட்டா வீட்ட யாரு பாக்குறது?"

ஓகோ! அப்படியானால் தடையாக இருந்தது பெட்டி மட்டும் இல்லை. கண்மணியின் முகம் விழுந்துவிட்டது.

"அண்ணே."

திரும்பிப் பார்த்தோம். அன்னக்கொடி. முழங்கை வரைக்கும் மாவு. இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

"வீட்டுக்குப் பூட்டு இருக்குல்ல? பூட்டிட்டுச் சாவிய இடுப்புல சொருகிக்குங்க. நானும் வாரேன். கார்டுல 'எல்லாரும்'னு எழுதியிருந்தத நானும் படிச்சேன்."

பொன்னுவேல் தன் தங்கையை இப்போதுதான் முதன்முறை பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நீங்க போயிட்டு வாங்க பொன்னுவேலு" என்றார் பெத்தம்மாள். "வீட்ட நாங்க பாத்துக்கிறோம். இப்ப மட்டும் என்ன, பாத்துக்கிட்டுத்தான இருக்கோம்?"

இதை ஒருவராலும் மறுக்க முடியவில்லை.

அன்று மாலை கண்மணியும் அத்தையும் பெட்டியைக் கவிழ்த்துவிட்டுப் புதிதாக அடுக்கினார்கள். ஆளுக்கு இரண்டு செட் பருத்தித் துணி. ஒரு துண்டு. வெயிலுக்கு இரண்டு குடை. பெட்டியில் பாதி காலியாகவே இருந்தது. கரி மூட்டை சமையலறைக்குத் திரும்பியது.

"மலை இறங்குறவரைக்கும் குளிருமேடி?" என்றார் சண்முகசுந்தரி, கொஞ்சம் இறங்கிய குரலில்.

"ஆளுக்கொரு ஸ்வெட்டர் உடம்புல போட்டுக்குவோம்மா. உடம்புல கெடக்கிறதுக்குப் பெட்டியில இடம் வேணாம். கொடைரோடு வந்ததும் கழட்டி ஆண்டிச்சாமி மாமாகிட்டயே குடுத்துவிட்டா வீட்டுக்குக் கொண்டாந்துருவாரு."

சண்முகசுந்தரி ஏதோ முனகினார். யாரும் பார்க்காதபோது ஒரு குரங்குக் குல்லாவை மட்டும் துண்டுக்குள் சுருட்டிப் பெட்டியில் வைத்தார். யாரும் பார்க்கவில்லை என்பது அவருடைய நினைப்பு.

மறுநாள் வெள்ளனே ஜீப் கிளம்பியது. "வெரசா ஏறுங்க!" என்று ஆண்டிச்சாமி அவசரப்படுத்தினார். பின்னால் சண்முகசுந்தரி, கண்மணி, அன்னக்கொடி. அன்னக்கொடியின் ஸ்வெட்டர் கழுத்துக்குள் அந்த வெள்ளை ரவிக்கை தெரிந்தது.

பத்து நாள் கழித்து எல்லோரும் கறுத்துப்போய்த் திரும்பி வந்தார்கள். ஆண்டிச்சாமி கொண்டுவந்து போட்ட ஸ்வெட்டர்களை ஏற்கெனவே நாங்கள் எண்ணி வைத்திருந்தோம். அன்னக்கொடி அலைக்குப் பயப்படாமல் இடுப்பளவு தண்ணீரில் நின்றாளாம். 'மதினி, நீங்களும் வாங்க' என்று சண்முகசுந்தரியையும் கையைப் பிடித்து இழுத்துவிட்டாளாம். நனைந்த சேலை அவர் உடம்பிலேயே காய்ந்ததாம். இதெல்லாம் மணியன் சொன்னது. அவனுக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தால் போதும்.

தை மாதம் பாம்பனிலிருந்து மாமாவோடு ஒருவர் வந்தார். பெயர் தங்கமுத்து. கடல்மேல் போகும் ரயில் பாலத்துக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. மாசியில் கல்யாணம் நடந்தது. பங்குனியில் அன்னக்கொடி தீவுக்கே குடிபோய்விட்டாள். இப்போது பொன்னுவேல்தான் மாவு பிசைகிறார், பன்னும் முன்போல் இல்லை.

அவர் தங்கையைக் கடலுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார் என்று எங்கள் தெருவில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். சுத்தப் பொய். தங்கமுத்து பெண் பார்க்க வந்த அன்று, "எனக்குச் சம்மதம், நான் போறேன்" என்று அன்னக்கொடி சொன்னது நான்கு வீடு தாண்டிக் கேட்டது.