நாலாவது வரிசை, ஏழாவது கல்

டிர்ர்ர்ர்... டிர்ர்ர்ர்...

போன் அலறியது.

சௌந்தரராஜன் ஈரத் தலையைத் துவட்டியபடியே வந்து ரிசீவரை எடுத்தார். வருஷம் 2003. துர்கா பூஜையின் நவமி காலை. பாலிகஞ்சின் அந்தக் குறுகலான தெருவையே பந்தலின் டாக் மேளம் அதிர வைத்துக்கொண்டிருந்தது.

"ஹலோ..."

"எஞ்சினியர் சாரா?"

தமிழ்! கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி ஓர் ஆண் குரல்.

"ஆமா. யாரு பேசறது?"

"பின்பக்கம் புதுசா தளம் போட்டிருக்கீங்களாமே... நீங்களே, தனியா!"

"போட்டேன். அதுக்கென்ன?"

"கல்லுக்கு அடியில வெச்சது இன்னும் அங்கயே இருக்கா சார்?"

சௌந்தரராஜனின் கையிலிருந்த துண்டு நழுவியது.

"என்னய்யா உளர்றே? மணல்தான் போட்டேன். நாலு அங்குல மணல்!"

"போன மாசம் ரெண்டு பேரும் ரெண்டு நாள் கரக்பூர் போயிட்டீங்க. வீடு பூட்டிக் கிடந்துச்சு... எதுக்கும் ஒரு தடவ பாத்துக்கங்க சார்."

டொக்!

போன் செத்துப்போனது.

"யாருங்க அது?" பூஜை அறையிலிருந்து மனைவி ஜலஜாவின் குரல்.

"ராங் நம்பர்."

"ராங் நம்பர்கிட்டயா மணல் கணக்கு சொன்னீங்க?"

அவர் ஜன்னல் வழியாகப் பின்கட்டைப் பார்த்தார்.

அறுபது கற்கள். சிமென்டையும் கல்தூளையும் கலந்து அச்சில் வார்த்த பலகைக் கற்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் பூத்த மரப்பலகை என்று சத்தியம் பண்ணுவீர்கள்! வரிசைக்குப் பத்தாக ஆறு வரிசை. மேஸ்திரி இல்லை, சித்தாள் இல்லை. மனுஷன் பன்னிரண்டு நாள் லீவு போட்டு, ரசமட்டம் வைத்துக் குமிழி பார்த்து, ஒவ்வொரு கல்லையும் ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி உட்கார வைத்திருந்தார். மத்திய அரசு நிறுவனத்தில் எஞ்சினியர் அல்லவா... ஒரு கல் ஆடாது!

"இங்க வாங்க. கற்பூரம் எடுத்துக்கங்க."

போனார். ஒன்பது படிக் கொலுவுக்குக் கீழே ஆயுத பூஜை. கடப்பாரை, மண்வெட்டி, கொத்துக்கரண்டி, ரப்பர் சுத்தியல், ரசமட்டம்... எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக வாழையிலையில் படுத்திருந்தன.

"நாளைக்கு விஜயதசமி. காலைல பூஜை முடியற வரைக்கும் யாரும் இதையெல்லாம் தொடக் கூடாது. தெரியுமில்ல?" என்றாள் ஜலஜா.

"வருஷா வருஷம் சொல்லணுமா?"

"போன வருஷம் லதா இருந்தா. இதே இடத்துல உக்காந்து பாடினா..." ஜலஜாவின் கண்கள் கலங்கின.

"ஓடிப்போனவ பேச்சை நல்ல நாள்ல எடுக்காத!"

லதா, ஜலஜாவின் ஒரே தங்கை. அலிப்பூரில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். இரண்டு வருஷமாக இவர்கள் வீட்டில்தான் இருந்தாள். நாற்பது நாளைக்கு முன் ஒரு சாயங்காலம் ஜலஜா கோயிலிலிருந்து திரும்பியபோது லதா இல்லை. தலையணை மேல் டைப் அடித்த ஒரு கடிதம் மட்டும் இருந்தது. 'பிடித்தவரோடு பம்பாய் போகிறேன். தேட வேண்டாம்.'

அன்றிலிருந்து ஜலஜா சரியாகத் தூங்கியதே இல்லை. தங்கை உயிரோடு இருக்கிறாளா, இல்லையா? அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"பௌமா! அஞ்சலிக்கு நேரமாச்சு!" என்று வாசலில் சித்தி முறையாகிவிட்ட அடுத்த வீட்டு மிட்டு காக்கிமா, மருமகளை அழைக்கிற உரிமையோடு வங்காளியில் கூப்பிட்டாள்.

"நான் பந்தலுக்குப் போயிட்டு வரேன். ஒரு மணி நேரம் ஆகும். நீங்களும் வரீங்களா?"

"தலைவலி. நீ போ."

கதவு சாத்திக்கொண்டது.

ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்...

சௌந்தரராஜன் பாய்ந்தார்! வாழையிலையிலிருந்து கடப்பாரையை உருவினார். மற்ற கருவிகளையும் அள்ளிக்கொண்டார். அம்பாளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்கதவைத் திறந்து தளத்தில் இறங்கினார்.

அறுபது கல் இருக்கிறதே, எங்கே தேடுவார் என்று நினைக்கிறீர்களா?

தேடவே இல்லை!

நேராக நாலாவது வரிசைக்குப் போனார். ஏழாவது கல் முன்னால் மண்டி போட்டார். இடுக்கில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். கல் முனகிக்கொண்டு எழுந்தது. மணலை மண்வெட்டியால் வாரினார்... அடியில் மண்... இன்னும் வாரினார்...

நீலத் தார்ப்பாலின்!

கையை வைத்து அமுக்கிப் பார்த்தார். உள்ளே கனமாக, அசையாமல்... இருந்தது.

"இங்கதான் இருக்கே..." மூச்சு வந்தது. "படவா, சும்மா மிரட்டிப் பாத்திருக்கான்!"

அந்தச் சாயங்காலம் அவர் கை நீண்டதும், லதா பளாரென்று அறைந்து "அக்காகிட்ட சொல்லிடுவேன்" என்று கத்தியதும், அந்தக் கத்தலை நிறுத்த அவர் கழுத்தைப் பிடித்ததும்... எல்லாம் நினைவுக்கு வந்தன. வருத்தம் மட்டும் வரவில்லை. ராட்சசன்!

மளமளவென்று மண்ணைத் தள்ளினார். மணலைச் சமன் செய்தார். கல்லை இறக்கித் தட்டினார். ரசமட்டத்தில் குமிழி நட்டநடுவில் நின்றது. தளத்தைக் கூட்டினார். கருவிகளைத் துடைத்து இலையில் வைத்து, சந்தனமும் குங்குமமும் புதிதாக இட்டார்.

எவனாலும் கண்டுபிடிக்க முடியாது!

ஜலஜா திரும்பி வந்தபோது அவர் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவளோடு வாட்டசாட்டமாக ஒருவர் வந்திருந்தார்.

"இவர் உத்தமன். மதுரைக்காரர். இங்க போலீஸ்ல இன்ஸ்பெக்டர். லதாவைத் தேடச் சொல்லி நான் மனு குடுத்தேன்ல, இவர்கிட்டதான்."

சௌந்தரராஜன் சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

"வாங்க வாங்க. எதாவது தகவல் கிடைச்சுதா?"

"இன்னும் இல்ல சார். கொலு பாக்க வந்தேன்." சுண்டலை வாயில் போட்டபடி உத்தமன் எழுந்தார். "தளம் நீங்களே போட்டதாமே! ஊருக்குப் போனா நானும் போடலாம்னு ஆசை. பாக்கலாமா?"

"தா... தாராளமா!"

மூவரும் பின்கட்டுக்கு வந்தார்கள். உத்தமன் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். முதல் வரிசை... இரண்டாவது... டார்ச்சை எடுத்து ஒவ்வோர் இடுக்காக அடித்துக்கொண்டே போனார்.

"பட்டப்பகல்ல எதுக்கு சார் டார்ச்சு?"

"இடுக்குல பகல் ஏது சார்?"

மூன்றாவது வரிசை... நாலாவது...

டார்ச் வெளிச்சம் நின்றது!

"சார், ஆயுத பூஜைக்கு வெச்ச கடப்பாரைய நீங்க எடுத்தீங்களா?"

"சேச்சே! யாராவது தொடுவாங்களா? வேணும்னா போய்ப் பாருங்க. பொட்டுகூட அழியல!"

"மேல வெச்ச பொட்டு அழியல. சரிதான்." ஜலஜா பேசினாள். குரலில் நடுக்கமே இல்லை. "நுனிக்கு அடியில ஒண்ணு வெச்சேனே... நல்லெண்ணெயில குழைச்சு, நல்லா அப்பி! அத நீங்க பாக்கலியா?"

சௌந்தரராஜன் குனிந்தார்.

சாம்பல் நிறக் கல்லின் விளிம்பில், இடுக்குக்கு உள்ளே, ரத்தக் கீற்று மாதிரி ஒரு குங்குமக் கோடு!

"அறுபது கல்லையும் பேத்துப் பாக்கறேன்னு கேட்டா எங்க ஆபீசர் விடல," என்றார் உத்தமன். "ஒரு கல்லுன்னா பரவாயில்ல. எந்தக் கல்லுன்னு நீங்கதான் சொல்லணும்... அதான் காலைல போன் பண்ணேன்."

"நீ... நீயா!"

"பேசினது நான். பேச வெச்சது உங்க சம்சாரம்."

"லதாவோட மூக்குக் கண்ணாடிய அலமாரிக்கு அடியில கண்டெடுத்தேன்," ஜலஜாவின் கன்னங்களில் கண்ணீர் ஓடியது. "அது இல்லாம பஸ் நம்பர்கூடத் தெரியாது அவளுக்கு. பம்பாய்க்கு ஓடிப்போனாளாம்! அவ காணாம போன மறுநாளே நீங்க கல் எறக்கினது அப்பதான் ஞாபகம் வந்துது. உங்ககூட ஒரே வீட்டுல சாப்பிட்டு, சிரிச்சு... எப்படி இருந்தேன் தெரியுமா?"

வாசலில் காத்திருந்த இரண்டு கான்ஸ்டபிள்கள் உள்ளே வந்தார்கள். கல் எழுந்தது. மணல் விலகியது. தார்ப்பாலின் ஓரத்தைப் பிரித்ததும் ஒரு மஞ்சள் துப்பட்டா எட்டிப் பார்த்தது.

"லதா...!"

ஜலஜா மண்ணில் விழுந்து கதறினாள். மிட்டு காக்கிமா ஓடி வந்து அவளைத் தாங்கிக்கொண்டாள்.

சௌந்தரராஜனின் மணிக்கட்டில் விலங்கு ஏறியது. அவர் தளத்தையே வெறித்தார். "நான் தட்டி வெச்ச கல்லு... ஒரு கல்லுகூட ஆடல..." என்று முனகினார்.

உத்தமன் அவர் தோளைத் தட்டினார்.

"அருமையான வேலை சார், ஒத்துக்கறேன். ஆனா அலிப்பூர் ஜெயில்ல தரையெல்லாம் ஏற்கெனவே போட்டு வெச்சிருக்காங்க... நீங்க சும்மா வந்து படுத்தா போதும்!"