எமது, நமது, உமது

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் வட்டத்தின் அவைக்கூடம் திறக்கும். ஒன்பதரைக்குள் நானூறு பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தமிழ்ப் பற்று என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். பாட்டு இல்லாவிட்டால் வீட்டில் குழாய் திறக்காது, அவ்வளவுதான்.

நான் பேச்சியம்மாள். கடல் விழுங்கிய பழைய ஊருக்கு மேலே கட்டிய முத்துமேட்டு நகரில், நான்காம் வட்டத்தின் அவைப்பாவலர். கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து எந்த உரிமை வேண்டும் என்று சொல்லி, ஒரு சொல்லும் கொடுப்பார். நின்ற இடத்திலேயே அந்தச் சொல்லை வைத்து நான் ஒரு குறள் வெண்பா கட்ட வேண்டும். முதலடியில் உரிமை, இரண்டாமடியில் கடமை. மேசைமேல் இருக்கும் துலாக்கோல் என்னும் இயந்திரம் அதைக் கேட்டு எடை போடும். பச்சை விளக்கு எரிந்தால் பாட்டு வட்டத்தின் பாவேட்டில் ஏறும். உரிமை கேட்டவரின் மணிக்கட்டில் இருக்கும் கையோலை ஒருமுறை அதிரும். அவருக்கு ஓராண்டுக்குத் தண்ணீர் உண்டு. பதிலுக்கு வாரம் ஒருநாள், கடல்நீரைக் குடிநீராக்கும் உவர்நீர் ஆலையில் உப்புச் சுரண்ட வேண்டும்.

சட்டத்தை ஏன் வெண்பாவில் எழுதுகிறார்கள் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. உரைநடையில் எழுதிய காலத்தில் வக்கீல்கள் காற்புள்ளிக்குள் புகுந்து வெளியே வந்தார்களாம். வெண்பாவில் கை வைத்தால் தளை தட்டும். திருடன் காலில் கொலுசு கட்டிவிட்டது போல. அதனால் முப்பது ஆண்டுகளாக வெண்பாதான். எல்லாப் பாட்டும் ‘எமது கடன்’ என்றுதான் முடியும். நானே ஆயிரக்கணக்கில் அப்படி முடித்திருக்கிறேன்.

மக்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. என்னை மடக்குவதற்கென்றே ‘கொத்துப்பரோட்டா’ என்று சொல் கொடுத்தவர் உண்டு. அதையும் கட்டிக் கொடுத்தேன். அன்றும் அப்படிச் சிரிப்பும் கேலியுமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பிலோமினா எழுந்து நிற்கும்வரை.

“என்ன உரிமைம்மா?” என்று கேட்டேன்.

“தண்ணிதாம்மா. எனக்கில்ல, எங்க வீட்டுக்காரருக்கு.”

அவள் கணவர் கஸ்பாரை எல்லோருக்கும் தெரியும். ஆலைக் கோபுரத்தில் உப்புச் சுரண்டும்போது விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டவர். கழுத்துக்குக் கீழே அசைவில்லை, பேச்சும் இல்லை. இரண்டு ஆண்டுகளாக அவருடைய செவ்வாய்க்கிழமை முறையையும் சேர்த்துப் பிலோமினாதான் சுரண்டிக்கொண்டிருந்தாள். இப்போது கைகளில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டினாள். உப்புநீர் தின்ற விரல்கள் மடங்கவில்லை.

“என் முறைய மட்டும் எப்படியாச்சும் பாத்துருவேன். ரெண்டு பேரு வேலை இனி முடியாது.”

துலாக்கோலுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த நிறுவை அலுவலர் திரவியம் தலையைச் சொறிந்தார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களை வைத்துத்தான் இப்படிப்பட்ட வேலைகளைச் செய்கிறார்கள்.

“அவரு பாட்டு இன்னைக்குப் பன்னெண்டு மணியோட முடியுது,” என்றார். “கடமை செய்ய ஆளு இல்லைன்னா உரிமை இல்ல. நானா செஞ்ச சட்டம்? ஏதாவது ஒரு சின்னக் கடமை சொல்லுங்க, போட்டுருவோம்.”

“கண்ண மட்டும்தான் அசைக்காரு,” என்றாள் பிலோமினா.

கூடம் தரையைப் பார்த்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆலைமேல் வந்ததா, சட்டத்தின்மேல் வந்ததா, இத்தனை ஆண்டு வாய் வலிக்கப் பாடிய என்மேல் வந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

“பாட்டுக்கு ஒரு சொல்லு குடும்மா.”

“கெடக்காருன்னு வச்சுக்கோங்க. வேற என்னத்தச் சொல்ல.”

எழுந்து நின்று பாடினேன்.

நீர்க்குரிமை உண்டு கிடப்பார்க்கும் வேட்கையினைத்
தீர்த்தல் நமது கடன்.

துலாக்கோல் வழக்கத்தைவிட ஒரு நொடி அதிகம் எடுத்துக்கொண்டது. பிறகு பச்சை எரிந்தது. நானூறு கையோலைகள் ஒரே நேரத்தில் அதிர்ந்தன.

திரவியம் தன் மணிக்கட்டையே உற்றுப் பார்த்தார். “என்னம்மா பண்ணி வச்சிருக்கிய? என் பேருலயும் உப்புச் சுரண்டுற முறைன்னு வந்திருக்கு.”

“ஒரு எழுத்து மாத்தினேன். தளை தட்டல.”

“எமதுன்னுல்லா வரணும்.”

“எந்த விதியில எழுதியிருக்கு?”

அவர் தேடினார். விதியில் அப்படி ஒன்றும் இல்லை. சட்டத்தை முதலில் எழுதியவர்களின் மொழியில் ‘எமது’, ‘நமது’ இரண்டுக்கும் ஒரே சொல்தான் போலிருக்கிறது. தமிழாக்கியவர் முதல் எடுத்துக்காட்டில் ‘எமது’ என்று போட்டுவிட்டார். பாவலர்கள் நாங்கள் செக்குமாடு மாதிரி அதையே சுற்றி வந்திருக்கிறோம். இயந்திரத்துக்கு மட்டும் வேறுபாடு தெரிந்திருந்தது. ‘எமது’ என்றால் சொல்லுகிறவர் வீடு. ‘நமது’ என்றால் கேட்டுக்கொண்டிருப்பவரும் சேர்த்தி.

“திருத்திப் பாடுங்க,” என்றார். “இல்லாட்டி உங்க பாவலர் பட்டயம் போயிரும். அதோட பாவலர்னு சும்மா வர்ற உங்க தண்ணியும் போகும்.”

“போகட்டும். ஒருத்தருக்கு உரிமைன்னா அது மத்தவங்களுக்குக் கடமை. அவரே சுரண்டி அவரே குடிக்கணும்னா அதுக்குப் பேரு உரிமை இல்ல சார், கூலி.”

கழுத்தில் தொங்கிய பட்டயத்தைக் கழற்றி மேசைமேல் நானே வைத்தேன். நாளை நானும் ஆலைக்குப் போய் உப்புச் சுரண்டிக்கொள்கிறேன். பாட்டுக் கட்டிய கை என்பதற்காக உப்பு என்ன வேண்டாம் என்றா சொல்லும்?

திரவியம் விதியைப் புரட்டி வேறொன்றைக் கண்டுபிடித்தார். கேட்காமல் கடமை ஏறியவர் விலகிக்கொள்ளலாம். ஒலிவாங்கி முன்னால் வந்து தன் பெயரைச் சொல்லி, பாட்டைக் கேட்டு வாங்கியவரைப் பார்த்து, ‘நமது’ என்ற இடத்தில் ‘உமது’ என்று வைத்து முழுவதும் சொல்ல வேண்டும். அதற்கும் தளை தட்டாது. தமிழ் அந்த வசதியையும் செய்துதான் வைத்திருக்கிறது.

இருபது முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். முதலில் வந்தவர் மீன்குளிர்கூடம் வைத்திருக்கும் சந்தனராசு. பிலோமினா ஒலிவாங்கிக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

“சந்தனராசு,” என்றார். “நீர்க்குரிமை உண்டு கிடப்பார்க்கும் வேட்கையினைத் தீர்த்தல் உமது கடன்.”

தங்குதடையில்லாமல் சொன்னார். அவருடைய கையோலை அதிர்ந்து ஓய்ந்தது.

“சரிங்கண்ணே,” என்றாள் பிலோமினா. அதில் கோபமே இல்லை. அவர் யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

வரிசையின் பின்பக்கத்திலிருந்து சிலர் ஒருவர் பின் ஒருவராக நழுவித் தங்கள் நாற்காலிகளுக்குத் திரும்பினார்கள். அடுத்து நின்றவள் ஆரோக்கியச்செல்வி. பிலோமினாவோடு ஒரே தெருவில் இருந்தும் நான்கு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாதவள். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆரோக்கியச்செல்வி,” என்றாள். “நீர்க்குரிமை உண்டு கிடப்பார்க்கும் வேட்கையினைத் தீர்த்தல்...”

அங்கேயே நின்றாள். பிலோமினாவின் கைகளைப் பார்த்தாள். துலாக்கோல் காத்திருந்தது.

“சார்,” என்று திரவியத்தின் பக்கம் திரும்பினாள். “செவ்வாக்கிழம முறைய என் பேருல போடுங்க. இவ மூஞ்சியில முழிக்க மாட்டேன். அவரு தண்ணி குடிக்கட்டும்.”