கேட்க வந்தவள்

செத்த அன்று பூபதி என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்பது வீரலட்சுமிக்குத் திடீரென்று மறந்துபோயிருந்தது. இருபது நாளாகக் கண்ணை மூடினாலே அந்தச் சட்டைதான் வந்து நின்றது. ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வந்த புருஷனை, அவர்கள் குடியிருந்த லைன் வீட்டு வாசலிலேயே, தெருவிளக்கு வெளிச்சத்தில் எவனோ குத்திச் சாய்த்ததை அவள் ஒருத்திதான் பார்த்தாள். இப்போது ரத்தம் நினைவிருந்தது. துணி நினைவில்லை.

முந்தின நாள் சாயங்காலம்தான் ரங்கம்மா முதல்முறையாக வந்திருந்தாள்.

"ஸ்டேஷன்ல சொல்லி அனுப்பிச்சாங்கம்மா. கொலையில ஆளப் பறிகொடுத்த வீட்டுக்கெல்லாம் போய் உக்காந்து பேசுறவ நான். மனசுல இருக்கறதச் சொல்லு. சொன்னா எறங்கிரும்."

இரண்டாயிரத்து நாலில் விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம் வீரலட்சுமியுடையது. காரியம் முடிந்ததும் ஊர்ச்சனம் பஸ் ஏறிவிட்டது. ஐந்து வயது மகள் தர்ஷினியைத் தவிர அவளுக்குப் பேச்சுத்துணை இல்லை. அதனால் சொன்னாள். அன்று ராத்திரிதான் முதல்முறையாகத் தூங்கினாள். ஒரு சட்டையின் நிறம் போனால் போகட்டும் என்றிருந்தது.

ரங்கம்மா தினமும் வந்தாள். பக்கத்துப் பட்டறையின் கிரைண்டர் இரைச்சல் ஓய்ந்து, சூடான இரும்பும் ஆயிலும் கலந்த வாடை ஜன்னல் வழியாக இறங்கி, அடுப்பு மூலையில் முதலில் இருட்டத் தொடங்கும் நேரத்தில் வந்து, சுவரில் சாய்ந்து சம்மணமிட்டு உட்காருவாள். தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்பாள். வீரலட்சுமி சொல்லச் சொல்ல, அவளுடைய உதடுகள் சத்தமில்லாமல் அதே வார்த்தைகளை மென்றுகொண்டிருக்கும். சில சமயம் வீரலட்சுமி சொல்வதற்கு முன்பே.

பூபதியின் குரல் போனது. அவன் அவளை எப்படிக் கூப்பிடுவான் என்பது போனது. நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. அடுத்த சாயங்காலத்துக்காக அவள் ஏங்கினாள்.

"குத்துனவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்று ஒருநாள் ரங்கம்மா கேட்டாள்.

அதையும் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து, போலீஸ் பிடித்து வைத்திருந்தவனை அடையாளம் காட்ட, கிருஷ்ணகிரி ஜெயிலில் அடையாள அணிவகுப்பு. தர்ஷினியை ரங்கம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள். பத்துப் பேர் வரிசையாக நின்றார்கள். மூன்று முறை நடந்து பார்த்தாள். யாரையும் தெரியவில்லை. பூபதியை நினைத்துப் பார்த்தாள். நினைக்க முகமே இல்லை.

"அவ்ளோ தெளிவாச் சொன்னியேம்மா, இப்ப என்னாச்சு?" என்றாள் வெளியே காத்திருந்த பெண் போலீஸ்.

"ரங்கம்மாட்ட எல்லாம் சொல்லிட்டேன். நீங்க அனுப்பி வச்ச ரங்கம்மாட்ட."

"யாரு ரங்கம்மா? நாங்க யாரையும் அனுப்பலையே."

குழந்தை அவளிடம் இருந்தது.

திரும்பும் வழியில் குந்தாரப்பள்ளியில் சந்தை நாள். ரோட்டை அடைத்து மாடுகள். பஸ் நகரவில்லை. வீரலட்சுமி ஜன்னல் கம்பியை உள்ளங்கையால் அடித்துக்கொண்டே இருந்தாள். ஓசூரில் இறங்கியதும் ஓடினாள். செருப்பு அறுந்தது. ஓடினாள்.

கதவு திறந்திருந்தது. கிரைண்டர் ஓய்ந்திருந்தது. ரங்கம்மாவின் மடியில் தர்ஷினி. குழந்தைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"புள்ளைய விடு."

ரங்கம்மா உடனே விட்டாள். சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இன்னிக்கு பாப்பாவப் பத்திச் சொல்லும்மா."

வீரலட்சுமி வாயைப் பொத்தினாள். இரண்டு கையாலும். பல்லைக் கடித்தாள். விரல் இடுக்கில் குரல் கசிந்தது. அவள் குரல்தான்.

"வியாழக்கெழம பொறந்தா. நல்ல மழை."

எதிரே அந்த உதடுகள் மென்றன. முதல் பல். முதல் காய்ச்சல். பேர் வைத்தது. நிற்கவில்லை. எதுவும் நிற்கவில்லை.

பிறகு யாரோ எழுந்து வெளியே போனார்கள். நன்றாக இருட்டியிருந்தது. நெஞ்சில் துளி பாரமில்லை. ஒரு சிறுமி அவள் காலைக் கட்டிக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. வீரலட்சுமி குனிந்து முந்தானையால் அந்த முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழாத பாப்பா," என்றாள். "உங்கம்மா எங்க?"